கோட்டின் இருபுறமும் ஒரே பருத்தி

அமெரிக்க வரலாறு தாளுக்குப் படிக்கிறவர்கள் கையில் இருக்கும் கைடுகளைத் திறந்தால் ஓர் அட்டவணை கண்டிப்பாக இருக்கும். இடது பக்கம் வடக்கு: தொழிற்சாலை, கூலி உழைப்பு, பள்ளிக்கூடம், சீர்திருத்தம். வலது பக்கம் தெற்கு: தோட்டம், அடிமை, பருத்தி, பழமை. நடுவில் ஒரு கோடு. அதை அப்படியே எழுதினால் மார்க் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அரூரில் என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அந்த அட்டவணையை நான் நடத்துவதில்லை. அந்தக் கோடு உண்மையை மறைக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எடுத்த பருத்தியைத்தான் இந்தப் பக்கம் நூற்றார்கள். அந்தப் பருத்தியின் மேல்தான் கடன் கொடுத்தார்கள், கப்பல் விட்டார்கள், காப்பீடு எழுதினார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியை யாரும் படித்து முடித்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் அரூர் வட்டத்தில் பருத்தி எடுக்கப் போகிற வீட்டில் பிறந்தவள். பள்ளி லீவு நாட்களில் அம்மாவோடு காட்டுக்குப் போய், முந்தானையை மடி கட்டிக்கொண்டு, காய்ந்த தோடு விரலைக் கிழிக்கக் கிழிக்க எடுத்திருக்கிறேன். பிறகு தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தபோது அமெரிக்க வரலாறு ஒரு தாளாக வந்தது. மற்றவர்களுக்கு அதில் ஜனாதிபதிகளும் சட்டங்களும் கண்ணில் பட்டிருக்கும். எனக்குப் பருத்திதான் பட்டது.

முதலில் இயந்திரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1793-இல் எலி விட்னி என்பவர் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற இயந்திரம் ஒன்றைச் செய்தார். அடுத்த வருடம் காப்புரிமை வாங்கினார். அதுவரை அமெரிக்கத் தெற்கின் உள்பகுதியில் விளையும் குட்டை இழைப் பருத்தியால் பெரிய லாபம் கிடையாது. கொட்டையை இழை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும். ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் பிரித்தால் ஒரு பவுண்டு பஞ்சு தேறும், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. எங்கள் ஆயா விளக்குத் திரிக்காகக் கொட்டை பிதுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால் அந்தக் கணக்கை என்னால் நம்ப முடிகிறது. கையால் சுற்றுகிற விட்னியின் இயந்திரம் ஒரு நாளைக்கு ஐம்பது பவுண்டு பிரித்தது.

வேலையைக் குறைக்கிற இயந்திரம் வந்தால் அடிமை முறை தானாகத் தேய்ந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். நடந்தது நேர் எதிர். கொட்டை பிரிக்கிற வேலைக்குத்தான் இயந்திரம் வந்தது. உழ, விதைக்க, களை எடுக்க, முக்கியமாகப் பருத்தி எடுக்க, இருந்ததெல்லாம் மனிதக் கைதான். இயந்திரம் எவ்வளவு வேண்டுமானாலும் விழுங்கும் என்று ஆனதும், அதற்குத் தீனி போடும் கைகள் தேவைப்பட்டன. 1790 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் அடிமைகள் சுமார் 7 லட்சம் பேர். 1860-இல் சுமார் 39.5 லட்சம். இத்தனைக்கும் 1808 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி தடை. அப்படியானால் அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அங்கேயே பிறந்த குழந்தைகள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, சட்டமே அதுதான். தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக் கணக்குப் புத்தகத்தில் விலை போட்டு வைத்திருந்தார்கள்.

நிலம் எங்கிருந்து வந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியாவின் நல்ல நிலங்கள் பல கிரீக், சோக்டா, செரோக்கி போன்ற பூர்வகுடிகளுடையவை. 1830-இல் அவர்களை வெளியேற்றச் சட்டம் போட்டார்கள். 1838-39-இல் செரோக்கி மக்கள் சுமார் 16,000 பேரை மேற்கே விரட்டியபோது ஏறக்குறைய 4,000 பேர் செத்துப் போனார்கள். காலியான மண்ணில் பருத்தி போட்டார்கள். 1830-களிலிருந்து உள்நாட்டுப் போர் வரை அந்த நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான்.

சரி, இனி எடை போடுகிற இடத்துக்கு வருகிறேன். நான் இந்தப் பதிவை எழுத ஆரம்பித்ததே அதற்காகத்தான்.

சாலமன் நார்த்தப் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்த கறுப்பர். 1841-இல் அவரை வாஷிங்டனுக்கு ஏமாற்றி அழைத்துப் போய், கடத்தி, லூசியானாவில் விற்றுவிட்டார்கள். 1853 ஜனவரியில் மீண்டு வந்து தன் கதையை அதே வருடம் வெளியிட்டார். அதில் பருத்தி எடுப்பு பற்றி அவர் எழுதிய பக்கங்களை ஒருநாள் ராத்திரி அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஆகஸ்ட் கடைசியில் எடுப்பு தொடங்கும். ஆளுக்கொரு கோணிப்பை, வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், பையின் வாய் நெஞ்சுயரத்தில், அடி கிட்டத்தட்ட தரையில். நிறைந்ததும் சால் முனையில் இருக்கிற கூடையில் கொட்ட வேண்டும். அம்மா அதுவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். பழகிய ஆள் ஒரு நாளைக்கு 200 பவுண்டு எடுக்க வேண்டும் என்றேன். எத்தனை கிலோ என்று கேட்டார்.

“தொண்ணூறு கிலோம்மா.”

“ஒரு ஆளா? ஒரு நாளைக்கா?” அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “நான் நல்லா இருந்த காலத்துல, காடு பூரா வெடிச்சு நிக்கிறப்பவே, நாப்பது கிலோ எடுத்தா பெரிய விஷயம் பாப்பா. மறுநாள் இடுப்பு நிமிராது.”

மேற்கொண்டு சொன்னேன். புதிதாக வருகிறவனை முதல் நாள் சாட்டையால் அடித்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக எடுக்க வைப்பார்கள். அன்று சாயந்திரம் எடை போட்டுப் பார்ப்பார்கள். அந்த எடைதான் அவன் அளவு. அதற்குப் பிறகு தினமும் அதே எடை கொண்டுவர வேண்டும். குறைந்தால் அடி. இருட்டிய பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு பஞ்சு இயந்திரம் இருக்கிற கொட்டகைக்கு நடக்கும்போது ஒவ்வொருவரும் பயந்துகொண்டேதான் போவார்கள் என்று எழுதியிருக்கிறார். குறைந்திருந்தால் முதுகு கிழியும் என்று பயம். பத்து இருபது பவுண்டு கூடியிருந்தால் நாளையிலிருந்து அதுவே தன் அளவாகிவிடும் என்று இன்னொரு பயம்.

இந்த இடத்தில்தான் அம்மா ரொம்ப நேரம் பேசினார். குறைத்து எடுத்தால் திட்டு வாங்குவது அவருக்குத் தெரியும். அதிகமாக எடுத்தால் ஏன் பயப்பட வேண்டும் என்பதும் சட்டென்று புரிந்துவிட்டது. கிலோ கூலி வருவதற்கு முன்னால் நாள் கூலிக்குப் போன காலத்தைச் சொன்னார். கை வேகமான ஒருத்தி முன்னால் சால் பிடித்துப் போய்விட்டால் மற்றவர்கள் அவளைப் பின்னாலிருந்து முனகுவார்களாம். அவள் வேகத்தையே எல்லாரிடமும் எதிர்பார்ப்பார் காட்டுக்காரர். “அதனால நாங்க எல்லாம் ஒரே மாதிரி போவோம். வேகமா எடுக்கத் தெரிஞ்சவளும் தெரியாத மாதிரி எடுப்பா.” லூசியானாவில் இப்படிச் சேர்ந்து ஒரே வேகத்தில் போக வழியில்லை. தனித்தனி ஆளுக்குத் தனித்தனி அளவு, தனித்தனி எடை, தனித்தனி அடி. பாட்ஸி என்றொரு பெண், ஒரு நாளைக்கு 500 பவுண்டு எடுப்பாள், அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஈடே கிடையாது என்று நார்த்தப் சொல்கிறார். அவளும் அடியிலிருந்து தப்பவில்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. சாயந்திரம் எடை போட்டு, சாக்கு எடை கழித்து, கூலியை வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தார். நான் அவருடைய மகளாகவே இருந்தேன். யாரும் என்னை ஏலத்தில் நிறுத்தவில்லை. இந்த வித்தியாசத்தை மழுங்கடித்துவிட்டு ‘எல்லா நாட்டிலும் ஏழைக்கு இதே கதிதான்’ என்று பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு கிடையாது.

வரலாற்றாசிரியர்களிடையே இதையொட்டி ஒரு வாதம் உண்டு. 1801-க்கும் 1862-க்கும் இடையில் ஓர் அடிமை ஒரு நாளில் எடுத்த பருத்தியின் அளவு ஏறக்குறைய நாலு மடங்கு கூடியிருக்கிறது. காரணம் என்ன? ஒரு சாரார் விதை என்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த விதையை மிசிசிப்பியில் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் காய் பெரிதாக, வாய் அகலமாக வெடித்து, சுளை சுலபமாகக் கைக்கு வந்தது. இன்னொரு சாரார் சாட்டை என்கிறார்கள்: எடை, கணக்கு, அடி, மறுநாள் அதைவிட அதிகம்.

எடுத்துப் பார்த்தவள் என்ற முறையில் நான் ஒன்று சொல்லலாம். விதை பெரிய வித்தியாசம் செய்யும், சந்தேகமே வேண்டாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்த பருத்தியின் காய் சிறியது. இப்போது போடுகிற வீரிய ரகங்களில் ஒரு காயை எடுத்தாலே உள்ளங்கை நிறைகிறது. ஆனால் காய் பெரிதானதும் எங்கள் ஊரில் என்ன பேச்சு வந்தது தெரியுமா? “இப்பதான் சீக்கிரம் நிறையுதே, கிலோவுக்குக் கூலியைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க.” விதை மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரம் எடுக்கிறவளுக்குச் சேர்வதா, காட்டுக்காரருக்குச் சேர்வதா என்பது விதையில் எழுதியிருக்கவில்லை. எங்கள் பெண்கள் அன்று கூட்டமாக நின்று முடியாது என்றார்கள், ஓரளவு நடந்தது. லூசியானாவில் அப்படி நின்று முடியாது என்று சொல்ல உரிமை இல்லை. விதை மிச்சம் பிடித்த ஒவ்வொரு நிமிடத்தையும் சாட்டை உடனே பிடுங்கிக்கொண்டது. இரண்டு காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பதே சரியில்லை என்பது என் கட்சி.

ஆட்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? மேரிலாந்து, வர்ஜீனியாவில் தலைமுறை தலைமுறையாகப் புகையிலை போட்டு மண் சத்திழந்து, பலர் கோதுமைக்கு மாறியிருந்தார்கள். ‘மிஞ்சிய’ ஆட்களைத் தெற்கே விற்றார்கள். 1790 முதல் 1860 வரை ஏறக்குறைய 10 லட்சம் பேர் இப்படி விற்கப்பட்டோ, முதலாளியோடு இழுத்துச் செல்லப்பட்டோ பருத்தி மாநிலங்களுக்குப் போனார்கள். 1828-இல் தொடங்கிய ஃபிராங்க்ளின் - ஆர்ம்ஃபீல்டு வியாபாரம் இதில் பேர் பெற்றது. அவர்களுடைய கிடங்கு இருந்த அலெக்சாண்ட்ரியா அப்போது தலைநகர எல்லைக்குள்ளேயே இருந்தது. அங்கிருந்து கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்கு, அல்லது இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்து நடையாகவே மிசிசிப்பியின் நாட்செஸுக்கு அனுப்பினார்கள். புருஷன் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம், பிள்ளைகள் வேறெங்கோ.

பணத்தின் பக்கம் இன்னும் மோசம். லூசியானாவின் தோட்டக்காரர் வங்கிகள் நிலத்தையும் அடிமைகளையும் ஈடாக எழுதி வாங்கிக் கடன் கொடுத்தன. அந்தக் கடனை அடிப்படையாக வைத்து வெளியிட்ட பத்திரங்களை லண்டனில் வாங்கினார்கள். 1833-இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்ட அதே பிரிட்டன்தான். 1837-இல் பருத்தி விலை விழுந்து வங்கிகள் ஆட்டம் கண்டபோது, கடனை அடைக்க விற்றது மனிதர்களைத்தான். நம் பக்கத்தில் கொத்தடிமை என்றால் செங்கல் சூளையிலோ கல் குவாரியிலோ முன்பணம் வாங்கிய குடும்பமே அந்தக் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும். 1976-இல் அதை ஒழிக்கச் சட்டம் வந்த பிறகும் மீட்புச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே வாங்காத கடனுக்கு, எவனோ ஒரு தோட்டக்காரன் நியூ ஆர்லியன்ஸில் போட்ட கையெழுத்துக்கு, ஒரு தாயையும் மகனையும் பிரித்து விற்றார்கள்.

இனி கோட்டுக்கு இந்தப் பக்கம், வடக்கு. மாசசூசெட்ஸில் மெரிமாக் ஆற்றங்கரையில் 1820-களில் லோவெல் என்ற ஆலை நகரத்தைக் கட்டினார்கள். சுற்றுப்புறப் பண்ணைக் குடும்பங்களின் மகள்கள் வேலைக்கு வந்தார்கள். கம்பெனி விடுதியில் தங்கல், மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் சாப்பாடு, ராத்திரி பத்து மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை. அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தவர்கள் உண்டு, வீட்டு அடமானத்தை மீட்டவர்கள் உண்டு.

இதை வகுப்பில் நடத்தும்போது பெண் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தர்மபுரி மாவட்டத்திலிருந்து கோவை, திருப்பூர்ப் பக்கம் நூற்பாலைகளுக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் போன அக்காள் தங்கைகள் இல்லாத கிராமம் இங்கே குறைவு. ஹாஸ்டலில் தங்க வேண்டும், முடிவில் மொத்தமாக ஒரு தொகை கல்யாணத்துக்கு. என் பெரியம்மா மகள் போனாள். பஞ்சுத் தூசியில் மூச்சுத்திணறல் வந்து ஒப்பந்தம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். ‘காலம் முடிக்கவில்லை’ என்று மொத்தத் தொகையைக் கொடுக்கவில்லை. லோவெல் பெண்கள் 1834-இல் கூலியைக் குறைத்தபோது வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போனார்கள். 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது மறுபடியும். 1845-இல் சாரா பாக்லி என்ற ஆலைத் தொழிலாளி, வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கச் சொல்லிச் சட்டமன்றக் குழு முன்னால் போய் சாட்சி சொன்னார். குழு மறுத்துவிட்டது. அந்தப் பெண்களில் பலர் அடிமை முறைக்கு எதிரான மனுக்களிலும் கையெழுத்துப் போட்டார்கள். தாங்கள் நூற்கிற பஞ்சு யார் எடுத்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் எல்லாம் அடங்கிய வடகிழக்குப் பகுதியை நியூ இங்கிலாந்து என்பார்கள். அந்த ஆலைகள் பருத்தியை வாங்கியதோடு நிற்கவில்லை. அடிமைகள் உடுத்தவென்றே முரட்டுத் துணி நெய்து தெற்கே திருப்பி விற்றன. ரோட் ஐலண்டில் இதுவே தனித் தொழில். தோல் அரிக்கிற அளவுக்குச் சொரசொரப்பான, மலிவான துணி. வருடத்துக்கு இத்தனை கெஜம் என்று அளந்து கொடுப்பார்கள். விடுதலைக்குப் பிறகும் உயிரோடிருந்த முதியவர்கள் 1930-களில் கொடுத்த நேர்காணல்களில் தாங்கள் சின்ன வயதில் போட்ட அந்தத் துணியை ‘லோவெல்’ என்றே குறிப்பிடுகிறார்கள். ஆலை நகரத்தின் பெயரை அவர்கள் உடம்பில் சுமந்திருக்கிறார்கள்.

அந்தத் துணி விற்ற குடும்பங்களில் ஒன்று ரோட் ஐலண்ட், பீஸ் டேலின் ஹசார்டு குடும்பம். அதில் ரோலண்ட் கிப்சன் ஹசார்டு வியாபாரத்துக்காக நியூ ஆர்லியன்ஸ் போய்வருவார். 1841-42 வாக்கில், வடக்கிலிருந்து வந்த சுதந்திரக் கறுப்பர்கள் பலரை அங்கே சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துச் சங்கிலியில் வேலை வாங்குவதைப் பார்த்து, தன் சரக்கை வாங்குகிறவர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு அவர்களை மீட்க வழக்காடினார். பலர் விடுதலையானார்கள். அதே மனிதர் அடிமைத் துணி விற்ற லாபத்தில் வாழ்ந்தவர். இவரை நல்லவர் பட்டியலில் போடுவதா, கெட்டவர் பட்டியலில் போடுவதா என்று ஒரு தம்பி கேட்டான். பட்டியலைத் தூக்கிப் போடு, அவர் செய்த இரண்டையும் எழுது என்றேன். 1848-இல் அடிமை எதிர்ப்பு அரசியல்வாதி சார்லஸ் சம்னர் மாசசூசெட்ஸில் பேசும்போது, சாட்டையின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொந்த மாநில முதலாளிகளை முகத்துக்கு நேரே சாடினார். அந்த நூற்றாண்டின் பொருளாதாரத்தை ஒரே வரியில் சொன்னது அவர்தான்.

மேற்கைப் பற்றிச் சுருக்கமாக: 1825-இல் ஈரி கால்வாய் திறந்தது, 363 மைல். மேற்கின் தானியம் நியூயார்க்குக்குப் போக வழி வந்தது. அதற்கு முன்பும் பின்பும் ஓஹயோ பள்ளத்தாக்கின் சோளமும் பன்றிக்கறியும் மிசிசிப்பி ஆற்றில் இறங்கித் தெற்கே போயின. இறக்குமதி வரிச் சண்டை, 1832-இல் தெற்குக் கரோலினா வரியை ஏற்க மாட்டோம் என்று முரண்டு பிடித்தது எல்லாம் எந்தக் கைடிலும் விரிவாக இருக்கிறது, நான் விட்டுவிடுகிறேன்.

சீர்திருத்தம் என்றதும் எல்லாரும் வில்லியம் லாயிட் கேரிசனில் ஆரம்பிப்பார்கள். 1831 ஜனவரி 1-இல் பாஸ்டனில் ‘லிபரேட்டர்’ என்ற அடிமை ஒழிப்புப் பத்திரிகையைத் தொடங்கியவர், அஞ்சாதவர், 1835-இல் கூட்டம் அவரைக் கயிறு கட்டித் தெருவில் இழுத்தது. அவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையைச் சரியாகச் சொல்ல வேண்டும். 1817-இலேயே பிலடெல்பியாவில் ஏறக்குறைய மூவாயிரம் கறுப்பர்கள் ஒரு தேவாலயத்தில் கூடி, தங்களைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தார்கள். கப்பல் பாய் தைத்துச் செல்வந்தரான ஜேம்ஸ் ஃபோர்ட்டன் அதில் முன்னணியில் இருந்தவர். கேரிசனின் பத்திரிகை தடுமாறாமல் நிற்க ஆரம்பத்தில் பணம் கொடுத்தவரும் அவரே. 1829-இல் பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கர், அடிமைகள் எழுந்து நிற்க வேண்டும் என்று வெளிப்படையாக அறைகூவி ஒரு பிரசுரம் போட்டார். தெற்கே போகும் மாலுமிகளின் சட்டைக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார் என்று சொல்வார்கள். தெற்கு மாநிலங்கள் பதறிப்போய் அதைத் தடுக்கச் சட்டம் போட்டன. மரியா ஸ்டூவர்ட் என்ற கறுப்பினப் பெண் 1832-இல் பாஸ்டனில் ஆண்களும் பெண்களும் கலந்த சபையில் மேடையேறி அரசியல் பேசினார். அந்த நாட்டில் அப்படிப் பேசத் துணிந்த பெண்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். வெள்ளைக்கார சீர்திருத்தவாதிகளுக்குக் காது திறந்தது இவர்களால்தான்.

தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அடிமை வைத்திருந்த வீட்டில் பிறந்து, அந்த வாழ்க்கையை விட்டு வடக்கே வந்த சாரா, ஏஞ்சலினா கிரிம்கே சகோதரிகள் மேல் எனக்குத் தனி மரியாதை. ஏஞ்சலினா 1838 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழு முன்னால் பேசினார். அதே வருடம் மே மாதம் பிலடெல்பியாவில் அடிமை எதிர்ப்பாளர்கள் கட்டிய மண்டபத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே கல் வீச்சு. மறுநாள் ராத்திரி மண்டபத்தையே எரித்துவிட்டார்கள். திறந்து சில நாள்கூட ஆகவில்லை. எரித்தது தெற்குக்காரர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அது வடக்கு நகரம்.

குடிக்கு எதிரான இயக்கமும் அதே கால அலைதான். 1826-இல் சங்கம் தொடங்கினார்கள், இரண்டு இயக்கத்திலும் ஒரே ஆட்கள் பலர் இருந்தார்கள். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் பழைய சேலம் ஜில்லாவில்தான் என்பதை இந்தப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்துவேன். இங்கே வீட்டுக்கு வீடு பெண்களுக்கு அந்த இயக்கத்தின் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் மனதை அதிகம் பிடித்தவர்கள் வேறொரு சின்னக் கூட்டம். அடிமை விளைவித்த பொருளைத் தொட மாட்டோம் என்றவர்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1820-களிலேயே இதற்குச் சங்கம் தொடங்கினார்கள். 1830-லும் 1831-லும் பிலடெல்பியாவின் கறுப்பின ஆண்களும் பெண்களும் தனித்தனிச் சங்கம் வைத்தார்கள். குவேக்கர் சீர்திருத்தவாதி லுக்ரீஷியா மாட் வீட்டில் அடிமைச் சர்க்கரை கிடையாது, அடிமைப் பருத்தி கிடையாது. அவர் கணவர் ஜேம்ஸ் மாட் லாபமான பருத்தி வியாபாரத்தை விட்டுக் கம்பளிக்கு மாறினார். நல்ல சரக்கு கிடைக்காது, விலை கூடுதல், துணி மட்டம். இயக்கம் பெரிதாக வளரவே இல்லை. கேரிசனே பிறகு இதில் நேரம் வீணாகிறது என்று விலகிக்கொண்டார். இருந்தாலும், உடுத்துகிற துணியை யார் எடுத்தது என்று கேட்டவர்கள் இவர்கள். அட்டவணையின் நடுக்கோட்டை முதலில் அழித்தவர்கள் என்று இவர்களைத்தான் சொல்வேன்.

இவர்களின் தேடல் கடைசியில் நம் ஊர் வரைக்கும் வந்தது. பிரிட்டனில் ஜார்ஜ் தாம்சன் போன்ற அடிமை எதிர்ப்பாளர்கள் 1839-இல் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் தொடங்கி, இந்தியாவில் சுதந்திர உழைப்பில் பருத்தி விளைந்தால் அமெரிக்க அடிமைப் பருத்தி தானாக வீழும் என்று பிரசாரம் செய்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தன் லாபக் கணக்கு வேறு. அது 1840-இல் அமெரிக்கத் தெற்கிலிருந்து பத்துத் தோட்டக்காரர்களையே கூலி பேசி இந்தியாவுக்கு அழைத்து வந்தது. சிலர் மதராஸ் மாகாணத்துக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் பொறுப்பில் அமெரிக்கப் பருத்திப் பண்ணைகள் நடந்தன. அடிமைகளை ஓட்டிப் பருத்தி விளைவித்த நாட்டின் கைப்பழக்கம், அடிமைப் பருத்தியை ஒழிக்கும் என்று சிலர் நம்பிய வயலுக்குப் பாடம் சொல்ல வந்தது. குடியானவர்கள் பெரும்பாலும் தங்கள் நாட்டு ரகங்களான உப்பம், நாடத்தை விடவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. இந்தியப் பருத்தி சுதந்திர உழைப்பின் விளைச்சல் என்று லண்டனில் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்த வருடங்களில், மதராஸ் மாகாணத்தில் பண்ணையடிமைகளை நிலத்தோடு சேர்த்து விற்பதையும் அடகு வைப்பதையும் நீதிமன்றங்கள் உரிமையாக ஏற்றுக்கொண்டுதான் இருந்தன. 1843-இல் ஐந்தாம் சட்டம் வந்த பிறகுதான் அந்த உரிமையை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்று ஆனது. சட்டம் அங்கீகாரத்தை எடுத்ததே தவிர, அவர்களுக்கு ஒரு காணி நிலம் கொடுக்கவில்லை. படியாளாக, பண்ணையாளாக அடுத்த நூறு வருடம் எப்படிப் போனது என்று இந்தப் பக்கத்துச் சேரிகளில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அந்தப் பருத்தி வரத்து நின்றதும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடி ஓடி வந்தன. விலை ஏறியது, போர் முடிந்ததும் சரிந்தது. அந்த ஏற்ற இறக்கம் பழைய சேலம் ஜில்லாவின் சம்சாரிகளையும் பண்ணையாட்களையும் என்ன செய்தது என்பதைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் அதைத் தனியாக எழுதுகிறேன்.